வில்லியம் ஜேம்ஸ் பாரோ

வில்லியம் ஜேம்ஸ் பாரோ (டிசம்பர் 11, 1904 - ஆகஸ்ட் 25, 1967) ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த காகிதக் காப்பாளரும் ஆய்வாளரும் ஆவார். பழைய தாள் பழுப்பேறி நொறுங்குவதற்கு அதனுள்ளேயே இருக்கும் அமிலமே முதன்மைக் காரணம் என்பதை நூலகத்துறையினர் ஏற்கச் செய்தவர் இவர். நூல்கள், ஆவணங்கள், நாளிதழ்கள், காமிக்ஸ் எனப்படும் பழைய வரைகதை இதழ்கள் ஆகியவற்றைச் செப்பனிடுவோர் இன்று செய்யும் அமிலநீக்கம் இவரது பணியால் பரவலானதாகும். ஆனால் இவர் பரப்பிய மற்றொரு முறையான படலமிடல் பின்னர் கைவிடப்பட்டது.

வாழ்க்கை

பாரோ வர்ஜீனியாவின் பிரன்ஸ்விக் கவுண்டியில் பிறந்தார். ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியில் பயின்றாரெனினும் பட்டம் பெறவில்லை. வேதியியலில் முறையான பயிற்சியும் அவருக்கு இல்லை. சில காலம் வேலையுடைகள் தயாரிக்கும் குடும்ப நிறுவனத்தில் பணியாற்றினார். 1930களின் தொடக்கத்தில் அதை விட்டு, ரிச்மண்ட் நகரிலிருந்த வர்ஜீனியா மாநில நூலகத்தில் ஆவணங்களைச் செப்பனிடும் பட்டறையை அமைத்தார். அவர் நூலகத்தின் ஊழியர் அல்லர். அங்கு இடம்பெற்றுத் தம் பொறுப்பில் தொழில் நடத்தியவர். 1930களின் நடுப்பகுதியில் நியூபோர்ட் நியூசிலுள்ள கடலோடிகள் அருங்காட்சியகத்திற்குப் பட்டறையை மாற்றி, 1940இல் மீண்டும் ரிச்மண்டிற்குத் திரும்பினார்.

படலமிடல்

அக்காலத்தில் நலிந்த ஆவணத்தின் இருபுறமும் மெல்லிய பட்டுத்துணியை மாப்பசையால் ஒட்டுவது வழக்கம். இது செலவு மிக்கது. சில பத்தாண்டுகளில் பட்டும் நைந்துவிடும். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 1930களில் செலுலோசு அசிட்டேட்டு என்னும் நெகிழிப் படலத்தை நீரியல் அழுத்தியின் உதவியால் சூடாக்கித் தாளுடன் ஒட்டத் தொடங்கியது. அத்தகைய அழுத்தியைச் சிறிய காப்பகங்கள் வாங்க இயலாது. பாரோ 1938 அளவில் உருளைகளைக் கொண்ட சிறிய, மலிவான பொறியொன்றை உருவாக்கினார். படலத்தின் மேல் மெல்லிய தாளையும் சேர்த்து வலுவூட்டினார். இப்பொறி அமெரிக்காவிலும் வெளிநாடுகளிலும் பல காப்பகங்களில் நிறுவப்பட்டது.

அமிலமும் சுண்ணாம்பு நீரும்

படலமிட்ட ஆவணங்களும் உள்ளிருந்து நலிவதைக் கண்ட பாரோ அதன் காரணத்தைத் தேடினார். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுத் தாள்கள் பல இன்னும் உறுதியாக இருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாள்கள் ஏன் நொறுங்குகின்றன என்பதே கேள்வி. உறுதியான பழந்தாள்களில் கால்சியம், மக்னீசியம் கார்பனேட்டுகள் இருந்தன. பிற்காலத் தாள்களில் மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் ரோசின் பிசினும் சேர்க்கப்பட்டிருந்தன. படிகாரம் ஈரத்தில் அமிலத்தைத் தரும். அவ்வமிலம் தாளின் செலுலோசு இழைகளைத் துண்டுதுண்டாக வெட்டுகிறது. தாளின் காரத்தன்மைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காகிதத் தொழிலைச் சார்ந்த எட்வின் சட்டர்மைஸ்டர் போன்றோர் முன்னரே அறிந்திருந்தனர். அதைச் செப்பனிடும் மேசைக்குக் கொண்டுவந்தது பாரோவின் பங்கு.

அவரது முறையில் தாள் முதலில் கால்சியம் ஐதராக்சைடு கரைசலில் நனைக்கப்படும். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீர்தான் அது. இது அமிலத்தை நடுநிலையாக்கும். அடுத்துக் கால்சியம் பைகார்பனேட்டுக் கரைசலில் நனைக்கும்போது எஞ்சிய சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக மாறி இழைகளுக்கிடையே தங்கிவிடும். பின்னாளில் தோன்றும் அமிலத்தையும் இவ்விருப்பு எதிர்கொள்ளும். படலமிடுமுன் இதைக் கட்டாயம் செய்யவேண்டும் என்பது பாரோவின் நிலைப்பாடு. சில காப்பகங்கள் இந்தப் படியை விட்டுவிட்டன.

500 நூல்கள்

1957இல் நூலக வளங்கள் மன்றத்தின் நிதியுதவியுடன் பாரோ தமது பெரிய ஆய்வைத் தொடங்கினார். 1900 முதல் 1949 வரை அமெரிக்காவில் அச்சான புனைவல்லாத நூல்கள் 500, பத்தாண்டுக்கு நூறாக எடுக்கப்பட்டன. தாள் கீற்றுகளை முன்னும் பின்னும் மடித்து, எத்தனையாவது மடிப்பில் அறுகிறது என்று பொறியால் எண்ணினர். வேறு கீற்றுகளை 100 பாகை செல்சியசில் 72 மணிநேரம் சூடாக்கி, அதை ஏறத்தாழ 25 ஆண்டு முதுமைக்கு ஈடாகக் கொண்டனர். 1959இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு மூன்று நூல்களே மேலும் 50 ஆண்டுகளுக்கு மேல் பயன்படத் தக்கவை.

இம்முடிவு நூலகர்களை அதிரச் செய்தது. பாரோ அத்துடன் நிற்கவில்லை. மரக்கூழை வேதிமுறையில் தூய்மையாக்கி, படிகாரத்துக்கு மாற்றான பொருளைச் சேர்த்தால் மரத்திலிருந்தே நீடித்த தாள் செய்யலாம் என்று ரிச்மண்டிலிருந்த ஓர் ஆலையில் தயாரித்துக் காட்டினார். 1961இல் வர்ஜீனியா வரலாற்றுக் கழகத்தில் அவரது ஆய்வுக்கூடம் அமைந்தது. அவர் 1967இல் இறந்தபின்னும் அது 1977 வரை இயங்கியது. நிலைத்த தாளுக்கான அமெரிக்கச் சீர்தரம் 1984இலும், பன்னாட்டுச் சீர்தரமான ஐஎஸ்ஓ 9706 1994இலும் வெளிவந்தன.

வரைகதை இதழ்களும் பாரோவும்

பாரோ வரைகதை இதழ்களைத் தனியே ஆராய்ந்தவர் அல்லர். எனினும் அவர் உருளைப் பொறியை அமைத்த அதே 1938இல் சூப்பர்மேன் தோன்றிய ஆக்சன் காமிக்சு முதல் இதழ் பத்து சென்ட் விலையில் வெளியானது. அரைத்த மரக்கூழாலான அத்தகைய செய்தித்தாள் காகிதத்தில் அமிலத்துடன் லிக்னினும் மிகுதி. ஒளி பட்டால் விரைவில் பழுப்பாகும். இன்று இவ்விதழ்களைச் செப்பனிடுவோர் துருப்பிடித்த கம்பிகளை அகற்றி, தாளைக் கழுவி, காரக் கரைசலால் அமிலத்தை நீக்கி, கிழிசல்களைச் சப்பானிய மென்தாளும் கோதுமை மாப்பசையும் கொண்டு ஒட்டுகின்றனர். இப்பசையை நீரால் மீண்டும் பிரிக்கலாம். நெகிழிப் படலம் இடுவதில்லை.

விமர்சனங்கள்

தாள் விரைவில் அழியும் என்ற கணிப்பு, நாளிதழ்களை நுண்படமெடுத்தபின் மூலப் பிரதிகளைக் கழிக்கும் போக்குக்கும் துணைநின்றது. கறுப்பு-வெள்ளை நுண்படத்தில் ஞாயிறு வரைகதைப் பக்கங்களின் வண்ணங்கள் முற்றாக மறைந்தன. இவ்வாறு கழிக்கப்பட்ட தொகுதிகளைத் திரட்டுவதற்கென்றே பில் பிளாக்பியர்ட் 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அமைப்பை நிறுவினார். அவரது பெருந்தொகுப்பு 1990களின் இறுதியில் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியிட்ட நூலில் பாரோவின் மடிப்புச் சோதனையையும் ஆயுள் கணிப்புகளையும் கடுமையாகச் சாடினார். வாசகர் எவரும் பக்கத்தை நூறு முறை மடிப்பதில்லை என்பது நியாயமான மறுப்பே. ஆயினும் அமிலம் பற்றிய கண்டுபிடிப்பை அது பொய்யாக்கவில்லை.

படலமிடலின் நிலை வேறு. செலுலோசு அசிட்டேட்டு சிதையும்போது அதுவே அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. சூடும் அழுத்தமும் எழுத்துப் பதிவுகளைத் தட்டையாக்கின. 1970களிலிருந்து காப்பகங்கள் இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டன. பாரோவின் பொறியில் சென்ற ஆவணங்களைத் தற்காலக் காப்பாளர்கள் அசிட்டோன் தொட்டிகளில் ஒவ்வொரு தாளாக ஊறவைத்துப் படலத்தைப் பிரித்தெடுக்கின்றனர்.