ஓசையைத் தேடிய அடிகளார்

மாணவர்களே, எதுகை என்றால் என்ன என்று கேட்டால் உடனே வரைவிலக்கணம் சொல்லிவிடுவீர்கள். ஒரு பாடலைத் தந்து அதிலுள்ள எதுகையைக் காட்டும்படி கேட்டால்தான் பலர் தடுமாறுவீர்கள். பாடலைக் கண்ணால் மட்டும் படித்துவிட்டு, வாய்விட்டுப் பாடிப் பார்க்காததே இதற்குக் காரணம். ஓசையை ஆராய்வதற்காகவே பல ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவரை இங்கு அறிந்துகொள்வோம்.

சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்தார். இன்று அம்பாறை மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் மட்டக்களப்பைச் சேர்ந்திருந்தது. பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் சித்தியடைந்தார். இலங்கையரில் அவரே முதல்வர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். தமிழ்ப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியும் ஒருவரே என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னர் இது நமக்கு உதவும்.

1924இல் துறவியானார். மட்டக்களப்பு வாவியை அண்டிய கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் வாவியின் ஓசை கேட்கும் என்பர். பாடுமீன் என்று ஊர் சொல்லும் அந்த ஓசையைப் பற்றி அடிகளார் 'நீரர மகளிர்' என்ற பாடலை எழுதினார்.

இறைவனுக்கு உகந்த மூன்று மலர்களைப் பற்றி அவர் பாடிய பாடலை உங்களில் பலர் சிறுவயதிலேயே பாடியிருப்பீர்கள். சிறுவர் நொடி போட்டு விடை சொல்வதைப் போன்றது அதன் அமைப்பு. இந்த மலரா, அந்த மலரா என்று கேள்வி, இரண்டுமல்ல என்று மறுப்பு, ஈற்றடியில் விடை. இப்போது முதற் பாட்டை மெல்லப் பாடி, ஒவ்வோர் அடியிலும் இரண்டாம் எழுத்தைக் கவனியுங்கள். நான்கு அடியிலும் 'ள்' வரும். அடுத்த பாட்டில் 'ப்', மூன்றாவதில் 'ட்'. இதுதான் அடியெதுகை.

ஒன்றைக் கவனிக்க. முதற் பாட்டின் அடிகள் நான்கும் குறிலில் தொடங்குகின்றன. மற்றவை இரண்டிலும் எல்லா அடிகளும் நெடிலில் தொடங்குகின்றன. முதலெழுத்தின் அளவு ஒத்திருந்தால்தான் எதுகை பொருந்தும். 'வாவி', 'தூவி' எதுகையாகும். 'வாவி', 'கவி' ஆகாது. பரீட்சையில் பலர் புள்ளியை இழப்பது இங்கேதான்.

இனிக் கையைத் தட்டிக்கொண்டே பாடுங்கள். ஒவ்வோர் அடியும் நடுவில் சற்று நின்று செல்லும். முதற் பாட்டில், நின்ற பின் வரும் சீரின் முதலெழுத்து அடியின் முதலெழுத்தோடு மோனையாகச் சேரும். ஈற்றடிகள் மூன்றும் ஒரே சொல்லில் முடிவதால் இயைபும் கிடைக்கிறது. சிறு பிள்ளைக்கு இப்பாடல் இலகுவில் மனனமாவது இதனாற்றான்.

இத்தனை நுண்மையான காது கொண்டவர், வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழின் ஓசையை மீட்க முனைந்ததில் வியப்பில்லை. சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளை எடுத்து, நரம்புகளின் சுருதி அளவுகளைக் கணிதத்தால் கண்டார். விஞ்ஞானப் படிப்பு உதவியது இங்கேதான். இடையே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். எங்கு சென்றாலும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. உடல்நலம் குன்றியது. 'யாழ்நூல்' 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஆறு வாரங்களின் பின், ஜூலை 19இல், கொழும்பில் அடிகளார் காலமானார்.

அவரது சமாதி சிவானந்த வித்தியாலய வளவில் உள்ளது. அந்த மலர்ப் பாடல் அதன்மீது பொறிக்கப்பட்டுள்ளது. மட்டக்களப்புக்குச் சுற்றுலா சென்றால் அங்கே நின்று, நான்கு அடிகளிலும் அந்த 'ள்' எங்கே என்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள்.