ஆலன் மெக்டயார்மிட்

ஆலன் கிரகாம் மெக்டயார்மிட் (ஏப்ரல் 14, 1927 – பெப்ரவரி 7, 2007) நியூசிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய வேதியியலாளர் ஆவார். மின்சாரத்தைக் கடத்தும் பலபடிகளைக் கண்டறிந்து வளர்த்தெடுத்தமைக்காக 2000 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ஆலன் ஹீகர், ஹிடெக்கி ஷிராகாவா ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். நெகிழி என்றாலே மின்கம்பிக்கு உறையிடும் காப்புப் பொருள் என்றிருந்த பொதுக் கருத்து இவர்களது ஆய்வுகளால் மாறியது.

இளமை

மெக்டயார்மிட் நியூசிலாந்தின் மாஸ்டர்டன் நகரில் பிறந்தார். 1930களின் பொருளாதார மந்தநிலையில் பொறியாளரான தந்தை வேலையின்றி இருந்ததால் குடும்பம் வறுமையில் வாழ்ந்தது. தந்தையின் பழைய வேதியியல் பாடநூல் ஒன்றே இவருக்கு அத்துறையில் ஆர்வத்தை ஊட்டியது. 16 ஆம் வயதில் பள்ளிப் படிப்பை விட்டு, வெலிங்டனில் இருந்த விக்டோரியா பல்கலைக்கழகக் கல்லூரியின் வேதியியல் துறையில் ஆய்வகப் பையனாகப் பகுதிநேர வேலையில் சேர்ந்தார். கண்ணாடிக் கலங்களைக் கழுவுவதும் தரையைப் பெருக்குவதும் அவ்வேலையில் அடங்கும். அங்கேயே படித்துப் பட்டமும் பெற்றார்.

கந்தகமும் நைட்ரசனும் சேர்ந்த செம்மஞ்சள் நிறப் படிகச் சேர்மம் ஒன்றைப் பற்றிய இவரது முதல் ஆய்வுக் கட்டுரை 1949 இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. இச்சிறிய ஆய்வு கால் நூற்றாண்டுக்குப் பின் இவரை டோக்கியோ வரை அழைத்துச் சென்றது எனலாம். இடைப்பட்ட காலத்தில் விஸ்கான்சின் (1953), கேம்பிரிட்ச் (1955) பல்கலைக்கழகங்களில் இரு முனைவர் பட்டங்களைப் பெற்றார். 1955 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சிலிக்கான் சேர்மங்களைப் பற்றி நெடுங்காலம் ஆய்ந்தார்.

கடத்தும் பலபடிகள்

1970களின் முற்பகுதியில், அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளரான ஹீகர், கந்தகமும் நைட்ரசனும் மட்டுமே கொண்ட, உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு பலபடியில் ஆர்வம் கொண்டார். அதனை ஆக்கித் தர, முன்னரே அவ்வகைச் சேர்மங்களில் பழக்கமுள்ள மெக்டயார்மிட் பொருத்தமானவராக இருந்தார். 1975 இல் ஜப்பான் சென்றிருந்தபோது, பொன்னிறமான அப்பொருளைப் பற்றி டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் உரையாற்றினார். அதன் பின் தேநீர் அருந்தும் வேளையில் ஷிராகாவா தம்மிடமிருந்த வெள்ளிபோல் மின்னும் பாலியசெட்டிலீன் படலத்தை இவரிடம் காட்டினார். அப்படலம் பிறந்ததும் ஒரு தவறினாலேயே: 1967 இல் வினையூக்கி வேண்டிய அளவைப்போல் சுமார் 1000 மடங்கு கூடுதலாகச் சேர்க்கப்பட்டதால், வழக்கமான கரும்பொடிக்கு மாறாகப் பளபளப்பான படலம் உண்டானது.

மெக்டயார்மிட் ஷிராகாவாவை ஓராண்டுக்குப் பென்சில்வேனியாவுக்கு அழைத்தார். முதலில் அவர்கள் படலத்தைத் தூய்மைப்படுத்தவே முயன்றனர். ஆனால் தூய்மை கூடக்கூட மின்கடத்துதிறன் குறைந்தது. அப்படியாயின் மாசுதான் கடத்துதிறனைக் கூட்டுகிறதோ என்ற ஐயம் எழவே, 1976 நவம்பரில் படலத்தின் மீது புரோமின் ஆவியைச் செலுத்திப் பார்த்தனர். சில நிமிடங்களில் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது.

பாலியசெட்டிலீன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்துள்ளன. புரோமின் அல்லது அயோடின் அதிலிருந்து சில எதிர்மின்னிகளைப் பறிக்கும்போது, எஞ்சும் நேர்மின்னேற்றம் சங்கிலி நெடுகிலும் நகரக்கூடியதாகிறது. இதனை மாசூட்டல் என்பர்.

பாலியசெட்டிலீன் காற்றுப்பட்டால் சிதையும். எனவே 1980களில் மெக்டயார்மிட் மலிவானதும் காற்றில் நிலைப்பதுமான பாலியனிலீன் பக்கம் திரும்பினார். நீலநிற பாலியனிலீனை அமிலத்தில் இட்டால் அது பச்சையாகி மின்சாரத்தைக் கடத்துகிறது. இங்கு எதிர்மின்னிகளின் எண்ணிக்கை மாறுவதேயில்லை. இது மாசூட்டலில் புதிய வகை. உலோகங்களின் அரிப்பைத் தடுக்கும் பூச்சுகளிலும் வேதி உணரிகளிலும் பின்னர் இப்பொருள் பயன்பட்டது.

தாக்கமும் முன்னுரிமை விவாதமும்

இக்குழுவினர் 1977 இல் வெளியிட்ட கட்டுரைகளைப் பல ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டியுள்ளன. 1979 முதல் இத்துறைக்கெனச் சிந்தட்டிக் மெட்டல்ஸ் என்னும் தனி ஆய்விதழும் வெளிவரத் தொடங்கியது.

எனினும் கடத்தும் பலபடியை முதலில் கண்டவர்கள் இவர்கள் எனக் கூறுவது சரியன்று. 1862 இலேயே லண்டனில் ஹென்றி லெதபி அனிலீனை மின்னாற்பகுத்துப் பிளாட்டின மின்முனையில் நீலப் படிவைப் பெற்றிருந்தார். ஆஸ்திரேலியாவில் டொனால்டு வைசும் உடன் பணியாற்றியோரும், அயோடின் சேர்ந்த பாலிபிரோல் மின்சாரத்தைக் கடத்துவதை 1963 இல் அறிவித்தனர். அக்கட்டுரைகள் நெடுங்காலம் பரவலாகக் கவனிக்கப்படவில்லை. ஒரு கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்பது அதன் தாக்கத்தின் அளவுகோலேயன்றி முன்னுரிமைக்குச் சான்றாகாது. மாசின் அளவைக் கொண்டு கடத்துதிறனைக் காப்புப் பொருளின் நிலையிலிருந்து உலோக நிலைவரை கட்டுப்படுத்திக் காட்டியதும், வேதியியலாரும் இயற்பியலாரும் சேர்ந்து அதற்கு விளக்கம் தேடியதுமே பென்சில்வேனியக் குழுவின் தனிச்சிறப்பாகும்.

இறுதிக்காலம்

2002 இல் மெக்டயார்மிட் டாலசில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் நியூசிலாந்தின் மிக உயர்ந்த விருதான ஆர்டர் ஆஃப் நியூசிலாந்து இவருக்கு வழங்கப்பட்டது. வெலிங்டனில் இவர் பெயரால் ஓர் உயர்பொருள் ஆய்வு நிறுவனமும் அமைந்தது. குருதி நோயால் பாதிக்கப்பட்டிருந்த போதிலும் தாய்நாட்டுக்குப் பயணம் புறப்பட ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில், பென்சில்வேனியாவில் தம் வீட்டின் படிக்கட்டில் விழுந்து உயிரிழந்தார்.