நகல் எடுக்கும் வேலையைக் கணினியிடம் கொடுத்தவர்

கடந்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் கிள்ளானில் ஒரு கலைவிழா நடத்தினோம். பதிவு, நுழைவுச்சீட்டு, சான்றிதழ் மூன்றையும் சர்வரில் தனித்தனி மாட்யூல்களாக எழுதியவன் நான். பெயரைச் சரிபார்க்கும் நிரல் ஒன்றுதான். அதை மூன்றிலும் நகல் எடுத்து ஒட்டியிருந்தேன்.

நம் பெயர்களில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' சாய்கோட்டை அந்த நிரல் ஏற்கவில்லை. முதல் இரண்டில் திருத்தினேன், மூன்றாவதை மறந்துவிட்டேன். விழா மேடைக்கு அருகே சான்றிதழ்கள் அச்சாகாமல் நின்றன. தம் மகளின் பெயரில் என்ன தவறு என்று ஓர் அப்பா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தவறு என்னுடையது.

அன்றிரவு பிரிக்பீல்ட்ஸ் அறைக்குத் திரும்பித் தீர்வு தேடியபோதுதான் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தேன்.

1906-இல் நியூயார்க்கில் பிறந்தவர் அவர். சிறுவயதில் வீட்டுக் கடிகாரங்களைப் பிரித்துப் பார்த்தவர். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் பாடம் நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர முயன்றார். வயது கூடுதல், எடை குறைவு என்ற தடைகளைத் தாண்டி 1943-இல் சேர்ந்தார். மறு ஆண்டே ஹார்வர்டில், சுமார் 15 மீட்டர் நீளமுள்ள மார்க் 1 கணினிக்கு நிரல் எழுதும் வேலை கிடைத்தது.

அங்கே ஒருவர் எழுதிச் சோதித்த நிரல்துண்டை மற்றவர்கள் தங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கையால் நகல் எடுப்பார்கள். எழுத்து மாறும், எண் பிசகும். நான் செய்த அதே வேலைதான்!

1949-இல் யூனிவாக் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்த அவர், சோதித்த துண்டுகளைக் காந்த நாடாவில் சேமித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எண்ணைக் குறிப்பிட்டால் போதும். கணினியே துண்டைத் தேடி எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, முழு நிரலாக இணைத்துவிடும். 1952-இல் இயங்கிய இந்த 'ஏ-0', இன்று நாம் லிங்கர் என்று அழைப்பதன் முன்னோடி. கணினிக்குக் கணக்கு மட்டுமே போட முடியும் என்று நம்பிய பலர் முதலில் இதை ஏற்கவில்லை. அவர் விடவில்லை. பிறகு அவர் உருவாக்கிய ஃப்ளோமேட்டிக், 1959-இல் தொடங்கிய கோபால் மொழிக்கு வழிகாட்டியது. 1986-இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-இல் காலமானார்.

ஏ-0 பிழையின்றி நகல் எடுத்தது. ஆனாலும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் ஒரு நகல் இருந்தது. அடுத்த படிதான் பகிர்வு நூலகம். லினக்ஸில் 'எஸ்ஓ', விண்டோஸில் 'டிஎல்எல்' கோப்பு. நிரல் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். மாட்யூல்கள் இயங்கும்போது அதனுடன் இணையும். ஒருமுறை திருத்தி, சர்வரை மறுபடி தொடங்கினால் எல்லாவற்றுக்கும் திருத்தம் போய்ச் சேரும்.

ஆபத்தும் உண்டு. அந்த ஒரு கோப்பு கெட்டால் எல்லா மாட்யூலும் கெடும். ஆகவே, நிரலை அழைக்கும் முறை மாறினால் கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும். பழைய மாட்யூல் பழைய பதிப்புடனேயே இயங்கும். ஒரே மாட்யூலுக்கு மட்டும் தேவைப்படும் சிறு நிரலை அதற்குள்ளேயே வைத்துவிடலாம்.

பெயர் சரிபார்ப்பைப் பகிர்வு நூலகமாக மாற்றிவிட்டேன். அந்த மாணவியின் சான்றிதழை அச்சிட்டு, முழுப்பெயருடன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நண்பர்களே, ஒரே நிரலை இரண்டாவது முறை ஒட்டப் போகும்போது சற்று நிறுத்தி, இந்த அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள்.