சோறு போட்டதுக்கு 20 வருஷம்! வ.உ.சி-யை வதைத்த சட்டம்

நண்பரைத் தங்க வெச்சு சோறு போட்டா என்ன தண்டனை கிடைக்கும்? 1908-ல ஆயுள் தண்டனை கிடைச்சுது. அதாவது, 20 வருஷம்!

ராயகிரி, சங்கரன்கோவில், தூத்துக்குடி எல்லாமே அப்போ ஒரே திருநெல்வேலி மாவட்டம். ஓட்டப்பிடாரத்துல 1872-ல பிறந்த வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை, வெள்ளைக்காரக் கப்பலுக்குப் போட்டியா 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார். 1908-ல தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்னார். உடனே அரசாங்கம் ராஜத்துரோகச் சட்டமான 124ஏ-வைக் கையில எடுத்தது. அரசு மேல வெறுப்பு வர்ற மாதிரி பேசினாலே குற்றம். வெறுப்பை எந்தத் தராசுல நிறுக்கிறது? அதை நீதிபதியே முடிவு பண்ணுவார்.

நீதிபதி பின்ஹே முடிவு பண்ணினார். பேசினதுக்கு 20 வருஷம், சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்து உதவினதுக்கு 20 வருஷம். மொத்தம் 40. அதே மாசம், அதே பிரிவுல திலகருக்குக் கிடைச்சது 6 வருஷம்தான்.

மேல்முறையீட்டுல தண்டனை குறைஞ்சும், 1912 கடைசி வரை ஜெயில். கோவைச் சிறையில செக்கிழுத்தார். வெளியே வந்தப்போ கப்பலும் இல்ல, வக்கீல் சன்னதும் இல்ல. சென்னையில மளிகைக் கடை வெச்சுப் பிழைச்சார். பல வருஷம் கழிச்சு, சன்னது திரும்பக் கிடைக்க உதவினவர் வாலஸ்ங்கிற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வெச்சார்.

1936-ல வ.உ.சி இறந்தார். 124ஏ சாகலை. 2022-லதான் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வெச்சுது. 2024-ல அமலான பாரதிய நியாய சன்ஹிதாவுல ராஜத்துரோகம்ங்கிற பேரே கிடையாது. ஆனா, நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்தான பேச்சுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கிற 152-வது பிரிவு இருக்கு. அந்த ஆபத்தை எந்தத் தராசுல நிறுப்பாங்க?