கே.ஜி. என்றால் தோட்டம்! பாத்தி கட்டிப் பாடம் சொன்ன புரோபெல்

ஜூன் மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் பேச்செல்லாம் பள்ளிக்கூடம்தான். எல்.கே.ஜி.யில் இடம் கிடைத்ததா, யு.கே.ஜி.க்கு எவ்வளவு கட்டணம், எந்தப் பள்ளியில் தமிழ் உண்டு என்று மாடிப்படியிலும் மின்சார ரயிலிலும் விசாரித்துக்கொள்கிறோம். விண்ணப்பம் வாங்க விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களும் நம்மில் உண்டு. அந்தக் கே.ஜி. என்ற இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்றால், கிண்டர்கார்டன் என்று சொல்லிவிடுவோம். கிண்டர்கார்டன் என்றால்? ஜெர்மன் மொழியில் குழந்தைகளின் தோட்டம்.

அது பெயருக்கு மட்டும் தோட்டம் அல்ல. மண்ணும் எருவும் பூவாளியும் உள்ள நிஜத் தோட்டம் அங்கே இருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கும் தன் பெயர் எழுதி வைத்த ஒரு பாத்தி உண்டு. அதில் அந்தப் பிள்ளை தன் கையால் விதை போட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பிரெடரிக் புரோபெல். இதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் ஓர் அரசாங்கமே அவருடைய குழந்தைத் தோட்டங்களுக்குத் தடை போட்டது.

தாயில்லாப் பிள்ளை

புரோபெல் 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, ஜெர்மனியில் துரிங்கியா மலைநாட்டைச் சேர்ந்த ஓபர்வைஸ்பாக் என்னும் கிராமத்தில் பிறந்தார். அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. சின்னச் சின்ன சமஸ்தானங்களாகப் பிரிந்து கிடந்தது. தந்தை புராட்டஸ்டண்டு பாதிரியார். பல கிராமங்களின் சர்ச் வேலை அவர் தலைமேல். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது தாய் இறந்துபோனாள்.

நாலு வயதில் சிற்றன்னை வந்தாள். முதலில் பிரியமாகத்தான் இருந்தாள். அவளுக்கு ஒரு மகன் பிறந்ததும் நிலைமை மாறிற்று. சிறுவனை நீ என்று கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டு, யாரோ அந்நியனைச் சொல்வதுபோல அவன் என்று பேச ஆரம்பித்தாள். புரோபெல் வயதான பிறகும் இதை மறக்கவில்லை. தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நீண்ட கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

வீட்டைச் சுற்றிச் சுவர்களும் வேலியும். வெளியே போய் ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட அனுமதி இல்லை. சிறுவனுக்கு மிஞ்சியது வீட்டுத் தோட்டம்தான். ஒருநாள் மூத்த அண்ணன் கிறிஸ்டோப், ஹேசல் என்ற கொட்டைமரத்தின் மொட்டில் நூல்போல எட்டிப் பார்க்கும் சிவந்த பூவைக் காட்டி, செடிகளிலும் ஆண் பூ பெண் பூ உண்டு என்று விளக்கினான். தன்னைக் கவனிக்க ஆளில்லாத பிள்ளைக்கு ஒரு பூவைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தான் அந்த அண்ணன். புரோபெலின் கல்விக் கொள்கைக்கு வேர் எங்கே என்று தேடினால், பெரிய புத்தகங்களைவிட இந்த ஹேசல் மொட்டில்தான் அது இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அலைந்து திரிந்த வாலிபம்

பத்து வயதில் தாய்மாமன் வீட்டில் அடைக்கலம் கிடைத்தது. அங்கே ஐந்து ஆண்டுகள் நன்றாகக் கழிந்தன. பதினைந்தாவது வயதில் ஒரு வனக் காவலரிடம் தொழில் பழகச் சேர்த்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. பையன் தானே காட்டில் திரிந்து செடி கொடிகளைப் படித்துக்கொண்டான். பிறகு ஜெனா பல்கலைக்கழகம். சகோதரனுக்குக் கைமாற்றுக் கொடுத்துவிட்டுத் தன் கடனை அடைக்க முடியாமல், பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் கிடந்தார். தந்தையின் சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு கணக்கு வேலை, நில அளவை வேலை என்று ஊர் ஊராக அலைந்தார். பிழைப்புக்காக ஊர் மாறியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. 1805ல் கட்டடக் கலை படிக்கப் பிராங்பர்ட் நகரம் போனார். அங்கே ஒரு பள்ளித் தலைமையாசிரியர், நீ ஆசிரியர் வேலைக்கே பிறந்தவன் என்று பிடித்து நிறுத்திவிட்டார். வகுப்பில் நின்ற முதல் நாளே, தண்ணீரில் விட்ட மீன்போல உணர்ந்தார் புரோபெல்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கல்வி என்றால் பெஸ்டலாசிதான். சுவிட்சர்லாந்தில் அவர் நடத்திய பள்ளியைப் பார்க்கப் புரோபெல் ஓடினார். பிறகு ஹோல்ட்ஸ்ஹவுசன் என்ற பிரபுவின் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியரானார். பிள்ளைகளின் தந்தையிடம் ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கி, மாணவர்களோடு தானும் இறங்கிக் கொத்தினார். விளைந்ததைப் பிள்ளைகள் பெற்றோருக்குப் பரிசாகக் கொடுத்தபோது அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் கவனித்து வைத்துக்கொண்டார். குழந்தைத் தோட்டத்தின் முதல் பாத்தி அங்கேதான் வெட்டப்பட்டது என்று சொல்லலாம்.

கைல்ஹாவ் பள்ளி

1813ல் நெப்போலியனை எதிர்த்த போரில் தொண்டர் படையில் சேர்ந்தார். அங்கே கிடைத்த இரண்டு நண்பர்கள், லாங்கதாலும் மிட்டன்டோர்பும், நீண்ட காலம் உடன் நின்றார்கள். அந்தப் போர்க் காலத்தில் பூக்காட்டிய அண்ணன் கிறிஸ்டோப் விஷ ஜுரத்தில் மாண்டான். அவனுடைய அனாதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதற்காகவே, கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு, 1816ல் சொந்தப் பள்ளி தொடங்கினார் புரோபெல். அடுத்த ஆண்டு அது கைல்ஹாவ் கிராமத்துக்கு மாறியது.

பள்ளி வளர்ந்து மாணவர் தொகை அறுபதைத் தொட்டது. அரசியல் சந்தேகம் அப்போதே துரத்த ஆரம்பித்தது. இங்கே புரட்சிக்காரர்களைத் தயார் செய்கிறார்கள் என்று புரளி. சமஸ்தான அதிகாரி வந்து பரிசோதித்து, பாராட்டித்தான் அறிக்கை கொடுத்தார். ஆனாலும் பெற்றோர் பயந்துவிட்டார்கள். 1829ல் மிஞ்சியவர்கள் ஐந்தே மாணவர்கள்! புரோபெல் சுவிட்சர்லாந்து போய்ப் பள்ளிகள் நடத்தினார். அங்கே பர்க்டோர்ப் ஊர் அனாதை இல்லத்தில் மிகச் சிறிய குழந்தைகளைப் பார்த்தபோதுதான், பள்ளிக்கு வருமுன் உள்ள வயதே முக்கியம் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது.

மலைமேல் கிடைத்த பெயர்

1837ல் ஜெர்மனிக்குத் திரும்பி, பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் ஒரு பழைய ஆலையில் இளங்குழந்தைகளுக்கான நிலையம் தொடங்கினார். பந்து, உருளை, கனசதுரக் கட்டைகள், பாட்டு, விளையாட்டு எல்லாம் அங்கே உண்டு. அதற்குப் பெயர் வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பள்ளி என்று சொல்ல அவருக்கு இஷ்டமில்லை. இந்த வயதில் பாடம் கூடாது என்பது அவர் கட்சி. குழந்தைக் காப்பகம் என்றும் சொல்ல மனமில்லை. பிள்ளை என்ன, பூட்டி வைக்கும் சாமானா? 1840ஆம் ஆண்டு வசந்தத்தில் நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்து போகும்போது, கீழே பள்ளத்தாக்கைப் பார்த்ததும் சட்டென்று அந்தப் பெயர் தோன்றிற்று. குழந்தைகள் வளரும் தோட்டம், குழந்தைகள் வளர்க்கும் தோட்டம் என்று இரண்டு பொருளும் அதில் இருந்தன. ஜூன் 28ஆம் தேதி முறைப்படி திறப்பு விழா.

அந்தத் தோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று புரோபெல் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அவருடைய மற்ற எழுத்தெல்லாம் தத்துவம் கலந்து கரடுமுரடாக இருக்கும். படிப்பவர் தலை சுற்றும். இந்தக் கட்டுரை அப்படியில்லை. ஒரு குடியானவர் உட்கார்ந்து கணக்குப் போட்டதுபோலத் தெளிவாக இருக்கிறது.

நடுவில் குழந்தைகளின் தனிப் பாத்திகள். அவற்றைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். பொதுப் பாத்தியில் ஒரு பக்கம் பூச்செடி, காய்கறி. மறுபக்கம் வயல் பயிர். கோதுமை, ஓட்ஸ், பட்டாணி, அவரை, உருளைக்கிழங்கு, துணிக்கு நார் தரும் ஆளிச்செடி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும். தட்டில் வருவதும் உடம்பில் உடுத்துவதும் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டார். ஒவ்வொரு பாத்தியிலும் குச்சி நட்டுப் பிள்ளையின் பெயர், செடியின் பெயர் எழுதி வைக்க வேண்டும்.

பொதுப் பாத்தியில் பெரியவர் சொல்வதுபோல எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தனிப் பாத்தி அப்படியல்ல. அது பிள்ளையின் ராஜ்யம். எதை வேண்டுமானாலும் நடலாம். எப்படி வேண்டுமானாலும் நடலாம். கவனிக்காமல் விட்டுச் செடி வாடினால், அந்த வாட்டமே பாடம். இடம் போதவில்லை என்றால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி கொடுக்கலாம் என்றும் எழுதினார். அப்படிக் கொடுத்தால் விட்டுக்கொடுத்துப் பழகுவதும் கூடவே வரும் என்று அவருக்குத் தெரியும். ஒண்டுக் குடித்தனத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

பணம்தான் கைகொடுக்கவில்லை. பத்து தாலர் வீதம் பங்கு வாங்கும்படி ஜெர்மன் பெண்மணிகளைக் கேட்டுக்கொண்டார். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1844ல் பிளாங்கன்பர்க் நிலையத்தை மூட வேண்டியதாயிற்று. அதற்குள் மனைவியும் இறந்துவிட்டார். அறுபது வயது தாண்டிய மனிதர், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

1849ல் லீபன்ஸ்டைன் ஊரில் தங்கிக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஆடிப் பாடிக்கொண்டிருந்தார். ஊரார் அவரைக் கிழட்டுப் பைத்தியம் என்று சிரித்தார்கள். அங்கே ஓய்வுக்காக வந்திருந்த மாரன்ஹோல்ட்ஸ் பூலோ சீமாட்டி அந்தப் பைத்தியத்தைப் பார்க்கப் போனார். பார்த்தவர், தன் மிச்ச வாழ்நாளை அவருடைய வேலைக்கே கொடுத்துவிட்டார். புரோபெல் பக்கத்திலேயே மரியன்தால் மாளிகையில் இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 1851ல், அறுபத்தொன்பதாவது வயதில், தன் மாணவி லூயிசை மணந்தார்.

வந்தது தடை

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் இடி விழுந்தது. பிரஷ்ய அரசாங்கத்தின் கல்வி அமைச்சர் வான் ராவ்மர், கிண்டர்கார்டன்களை நடத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். சமதர்மமும் நாத்திகமும் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. விஷயம் என்னவென்றால், புரோபெலின் அண்ணன் மகன் கார்ல் புரோபெல் ஒரு சிறு புத்தகம் எழுதியிருந்தார். அவருடைய கருத்தைச் சித்தப்பாவின் கருத்தாக எண்ணிவிட்டார்கள். பாதிரியாரின் மகன், ஆழ்ந்த தெய்வ பக்தி உள்ளவர், நாத்திகர் ஆகிவிட்டார்! தன் புத்தகங்களை அனுப்பி அமைச்சருக்கு எழுதினார். மன்னருக்கு மனுப் போட்டார். தவறு தெரிந்த பிறகும் உத்தரவை மாற்ற யாரும் தயாராக இல்லை. அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர்களுக்கு இது புதிய கதை அல்ல.

அடுத்த ஆண்டு கோத்தா நகரில் ஆசிரியர் மாநாடு நடந்தது. தடைக்கு உள்ளான அந்தக் கிழவர் மண்டபத்தில் நுழைந்தபோது, கூடியிருந்த ஆசிரியர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சில வாரங்களில், 1852 ஜூன் 21ஆம் தேதி, மரியன்தாலில் புரோபெல் காலமானார். தன் பூச்செடிகளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னதோடு, களைகளையும் பிடுங்கி எறிய வேண்டாம், அவற்றிடமிருந்தும் நிறையக் கற்றிருக்கிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஷ்வைனா ஊரில் உள்ள அவர் சமாதியின்மேல் சிலுவைக்குப் பதிலாகக் கனசதுரம், அதன்மேல் உருளை, அதன்மேல் பந்து.

சீமாட்டியின் விடாமுயற்சியால் 1860ல் தடை நீங்கியது. அதற்குள் கிண்டர்கார்டன் கடல் தாண்டிவிட்டது. ஜெர்மனியிலிருந்து போனவர்கள் லண்டனிலும், 1856ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஊரிலும் தொடங்கினார்கள். அப்படியே நம் நாட்டுக்கும் வந்தது. கட்டைகளும் பாட்டும் வந்தன, பெயர் வந்தது, பாத்தி மட்டும் வழியிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டது. பாடம் கூடாது என்று அவர் சொன்ன வயதில் இன்று வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள்.

லூயிஸ் கணவருக்குப் பிறகு நாற்பத்தேழு ஆண்டுகள் இருந்தார். ஹாம்பர்க் நகரில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, 1900ஆம் ஆண்டு மறைந்தார்.