கொழுகொழு எழுத்தை வரைந்தவர்: யார் இந்த ஆஸ்வால்ட் கூப்பர்?

ஈசிஜெட் விமானங்களின் மேல் அந்தக் கம்பெனியின் பெயர் எப்படி எழுதியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கூர்முனையே இல்லாமல், காற்றடைத்த பலூன் மாதிரி கொழுகொழுன்னு இருக்கும். அந்த ஃபான்ட்டின் பெயர் கூப்பர் பிளாக். வயது நூறைத் தாண்டிவிட்டது.

அதை வரைந்த ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர், 1879-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்து கன்சாஸில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அச்சகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். பிறகு படம் வரையக் கற்றுக்கொள்ள சிகாகோவில் ஃபிராங்க் ஹோம் நடத்திய பள்ளிக்குப் போனார். படத்தைவிட எழுத்துதான் அவருக்குக் கைவந்தது. அங்கே எழுத்து வரையச் சொல்லிக்கொடுத்தவர் ஃபிரெடெரிக் கவுடி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1904-ல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவருடன் கூட்டு சேர்ந்து தொழில் தொடங்கினார். விளம்பரங்களுக்குக் கையாலேயே எழுத்து வரைந்து கொடுப்பதுதான் கூப்பரின் வேலை. அந்தக் கைவண்ணம் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்க்கும் கம்பெனியின் கண்ணில் பட்டது. அவர்களுக்காக முதலில் கூப்பர் ஓல்டு ஸ்டைல் வரைந்தார். அதன் தடித்த தம்பிதான் 1922-ல் வெளிவந்த கூப்பர் பிளாக்.

பழமை விரும்பும் அச்சுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கறுப்பு ஆபத்து என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். விளம்பரக்காரர்களுக்கோ அது லட்டு மாதிரி. தூரத்திலிருந்தே கண்ணில் படும். முனைகள் ஏற்கெனவே உருண்டையாக இருப்பதால், மட்டமான காகிதத்தில் மை கொஞ்சம் கசிந்தாலும் எழுத்து கெட்டுப்போனதாகத் தெரியாது. கீழே இறங்கும் கால்கள் குட்டையாக இருப்பதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

ஹிட் ஆனால் காப்பி வராமல் இருக்குமா? போட்டிக் கம்பெனிகள் அதே சாயலில் எழுத்துகளை இறக்கின. மோனோடைப் கம்பெனி ஒரு படி மேலே போய், 1925-ல் கூப்பரின் குருவான கவுடியையே வரைய வைத்தது. சிஷ்யனின் ஹிட்டுக்குப் போட்டியாக குருவின் பெயரில் வந்த அந்த எழுத்து, கவுடி ஹெவிஃபேஸ். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்துகளின் வடிவத்துக்குப் பாதுகாப்பு தருவதில்லை (இன்றைக்கும் அதே கதைதான்). வரைந்தவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூப்பர் 1940-ல், 61 வயதில் இறந்தார். அவரது எழுத்தின் இரண்டாவது இன்னிங்ஸ் அதற்குப் பிறகுதான். ஈயத்தில் வார்த்த எழுத்துகளை ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது. 1960-களில் பரவலான போட்டோ முறை அச்சுக்கோப்பில் அந்தத் தடை இல்லை. ஒன்றோடொன்று உரசும்படி அடுக்கியபோது கூப்பர் பிளாக்கின் குறும்பு இன்னும் கூடியது. தி பீச் பாய்ஸ் குழுவின் 1966 ஆல்பமான பெட் சவுண்ட்ஸ் அட்டையில் இருப்பது அதுதான். பிபிசியின் டாட்ஸ் ஆர்மி காமெடித் தொடரின் டைட்டிலும் அதே.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஃபான்ட் பட்டியலிலும் இது இருக்கிறது. பேக்கரி போர்டு, டி-ஷர்ட், பிறந்தநாள் போஸ்டர் என்று இரண்டு மூன்று வார்த்தைகளைப் பெரிதாகப் போட்டுப் பாருங்கள், செமையாக இருக்கும். சின்ன சைஸில் ஒரு பத்தி முழுக்க அடித்தால் எழுத்தின் உள்வெளி அடைபட்டு, படிக்கிறவர் கண் வலிக்கும். ரெஸ்யூமேவுக்கு வேண்டவே வேண்டாம்!