சுவாந்தே அரீனியஸ்

எலுமிச்சம்பழச் சாறு புளிக்கின்றது. தெளிந்த சுண்ணாம்பு நீர் தொட்டால் வழுக்குகின்றது. முன்னதை அமிலம் என்றும் பின்னதைக் காரம் என்றும் வழங்குகிறோம். இவ்விரண்டும் கலந்தால் ஒன்றன் இயல்பை மற்றொன்று மாய்ப்பது ஏன்? இவ்வினாவிற்குத் தெளிவான விடை கண்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே அரீனியஸ் ஆவார்.

அவர் 1859ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள், உப்சாலா நகருக்கு அண்மையிலுள்ள வீக் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். மூன்றாம் அகவையிலேயே அரீனியஸ் தாமாகப் படிக்கக் கற்றார். தந்தையாரின் கணக்கேடுகளை உற்று நோக்கியே கணக்கும் பயின்றார்.

தூய நீரும் உலர்ந்த உப்பும் தனித்தனியே மின்சாரத்தை எளிதிற் கடத்தமாட்டா. உப்பு நீரிற் கரைந்ததும் மின்சாரம் நன்கு பாய்கின்றது. இதன் காரணத்தை அறிய விழைந்த அரீனியஸ், ஸ்டாக்ஹோம் நகரில் பல சோதனைகள் செய்து, 1884ஆம் ஆண்டில் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேடு ஒன்றை அளித்தார். பேராசிரியர்கள் அதன் பெருமையை உணர்ந்தாரிலர்; தாழ்ந்த தரமே வழங்கினர். அத்தரம் பெற்றவர் அங்கு ஆசிரியப் பதவி அடைதல் அரிது.

அரீனியஸ் வருந்தினாரேனும் சோர்ந்தாரல்லர். ஆய்வேட்டின் படிகளைப் பிற நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகா நகரப் பேராசிரியர் ஆஸ்ட்வால்ட் அதனைப் படித்து வியந்து, அவ்விளைஞரைக் காண உப்சாலாவிற்கே வந்தார். அவ்வாண்டிலேயே அரீனியசுக்கு அங்கு விரிவுரையாளர் பதவியும் கிட்டியது.

1887இல் அவர் தம் கொள்கையை முழுமையாக வெளியிட்டார். உப்பு நீரிற் கரையும்போது மின்னூட்டமுடைய அயனிகளாகப் பிரிகின்றது என்றார். நீரைத் தொட்டதும் சீறும் சோடியம் உப்பு நீரில் அமைதியாக இருப்பது எங்ஙனம் எனச் சிலர் எள்ளினர். அணு வேறு, மின்னூட்டம் பெற்ற அயனி வேறு என்பதே அதற்கு விடை. நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம். இவ்விரு அயனிகளும் கூடி நீராவதனால் இரண்டின் இயல்பும் மறைகின்றன.

1903ஆம் ஆண்டில் அவர் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசை முதன்முதற் பெற்ற சுவீடன் நாட்டவர் அவரே. தம்மகத்தே ஹைட்ராக்சைடு இல்லாத அம்மோனியாவும் காரமாவதை அவர் கொள்கையால் எளிதில் விளக்க இயலவில்லை. 1923இல் பிரான்ஸ்டெட், லௌரி என்னும் இருவர், புரோட்டானைத் தருவது அமிலம், ஏற்பது காரம் எனத் தனித்தனியே விரித்துரைத்தனர். எனினும் நீர்க்கரைசல்களைப் பயிலும் மாணவர் இன்றும் அரீனியஸ் வகுத்த நெறியிலேயே தொடங்குகின்றனர்.

1927ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் அவர் மறைந்தார். தாழ்ந்த தரம் அவர் முயற்சியைத் தடுக்கவில்லை. மெய்யென ஆராய்ந்து தெளிந்ததைப் பிறர் ஏற்குமளவும் பொறுமையுடன் நிலைநாட்டுதலே அறிவுடையார் செயலாகும்.